அக்காவுக்கு நான் எழுதிய பிறந்த தேதி

எதற்கும் தேதி குறித்துவைக்கும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலேயே வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு மின்சாரக் கம்பம் நட்ட நாள், பாலாற்றில் கரை தொட்டுத் தண்ணீர் போன நாள்கள், கலெக்டர் ஆபீஸ் எங்கள் ஊருக்கு வந்த நாள், சர்ச் மணியில் விரிசல் விட்டு அதை இறக்கிய நாள் எல்லாம் ஒரு நீள நோட்டில் இருந்தன. யாரும் கேட்டு எழுதியதில்லை. யாருக்கும் பயன்பட்டதும் இல்லை. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வரும் பஞ்சாங்கங்களை நான் பொறுக்கி எடுப்பதைப் பார்த்துக் கடைக்காரர் ஒருநாள், "ஏம்பா, நீங்க வேதக்காரங்கதானே, உனக்கு இன்னாத்துக்கு ராகு காலம்?" என்று கேட்டார். எனக்கு ராகு காலம் வேண்டியதில்லை. எந்த வருஷம் எந்தத் தேதியில் பௌர்ணமி வந்தது என்று தெரிந்தால் போதும். அதை வைத்து, ஊரில் யார் சொல்லும் பழைய கதைக்கும் ஒரு தேதி கண்டுபிடித்துவிடுவேன். அதில் எனக்கு இருந்த பெருமைதான் என் அக்காவின் வேலையைக் கெடுத்தது.

1974இல் எனக்கு இருபத்தொன்பது வயது. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஆசிரியர். ஆறு மெஷின்கள், அதில் ஒன்றில் 'e' எழுத்து எப்போதும் தூக்கிக்கொண்டு நிற்கும். காலை ஆறு மணி பேட்சிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்களும் பி.யு.சி. தவறியவர்களும் வந்து தட்டிவிட்டுப் போவார்கள். லோயர் பாஸ் செய்வார்கள், ஹையர் பாஸ் செய்வார்கள், பிறகு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கும் அங்கே ஒன்பது வருஷப் பதிவு இருந்தது. ஒருமுறைகூட அழைப்பு வரவில்லை. மத்தியானம் இன்ஸ்டிடியூட் காலியாக இருக்கும் நேரத்தில் நூலகத்துக்குப் போய், ஆங்கிலப் பத்திரிகையின் வேலை விளம்பரங்களைக் காப்பி எடுத்துவந்து கரும்பலகையில் எழுதிப்போடுவேன். யாருக்காவது கிடைக்கட்டுமே என்றுதான்.

ஆடி மாதம், ஒரு புதன்கிழமை பார்த்த விளம்பரத்தை மட்டும் நான் கரும்பலகையில் எழுதவில்லை. ஆஸ்திரேலியாவில், கடற்கரையை விட்டு வெகுதூரம் உள்ளே, ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு நகரம். அதைப் பெரிய நகரமாக வளர்க்க அந்த நாட்டு அரசாங்கம் முடிவுசெய்திருக்கிறது. அங்குள்ள பொது மருத்துவமனைக்கு நர்ஸுகள் தேவை. எந்த நாட்டவரும் எழுதலாம். வயது முப்பத்தைந்து நிறைந்திருக்கக் கூடாது. நிறம் பார்த்து ஆளெடுக்கும் சட்டத்தை அவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் அதே பத்திரிகையில் படித்திருந்தேன்.

அக்கா எங்கள் ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் பதின்மூன்று வருஷமாக நர்ஸ். அதில் பத்து வருஷம் தொத்துநோய் வார்டு. வார்டு இன்சார்ஜ் பதவி மூன்று முறை காலியாகி, மூன்று முறையும் அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்குப் போனது. காரணம் எந்தக் காகிதத்திலும் இருக்காது. எங்கள் ஊரில் நோயாளிக்குக் கொஞ்சம் தெளிந்ததும் நர்ஸைப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி, "நீ எந்தத் தெரும்மா?" என்பதுதான். ஒரு கோடையில் காலரா கண்டு, ஐந்து நாள் அக்கா கையால் சலைன் ஏறிப் பிழைத்த ஒரு அம்மாள் ஆறாம் நாள் இதைக் கேட்டாள். அக்கா தெருவைச் சொன்னாள். ஏழாம் நாள் அந்த வீட்டார் சொந்தச் சொம்பும் டம்ளரும் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அக்கா இதை வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னாள். "சாவக் கெடக்கறப்போ ஒருத்தரும் தெருவு கேக்கறதில்லடா. பொழச்சதுக்கு அப்பறந்தான் அவங்களுக்கு ஞாபகம் வருது."

விளம்பரத்தை நான் படித்துக் காட்டியபோது அவள் யூனிபாரத்துக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்தாள். சம்பளம் எவ்வளவு, குளிர் எப்படி, எத்தனை நாள் கப்பலில் போகவேண்டும் என்று எதையும் கேட்கவில்லை.

"அங்க எந்தத் தெருன்னு கேப்பாங்களா?"

"கேட்டாத்தான் இன்னாக்கா? நீ சொல்ற தெரு அவங்களுக்கு எங்க தெரியப்போவுது?"

அவள் துணியைப் பிழிந்து உதறினாள். "அப்ப எழுதிப் போடு" என்றாள்.

எழுதிப்போட்டேன். இருபத்தாறாம் நாள் ஒரு பெரிய உறை வந்தது. உள்ளே இரண்டு விண்ணப்பப் படிவங்களும், பளபளப்பான தாளில் அச்சிட்ட ஒரு சிறு புத்தகமும். அந்த நகரத்தில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன, இன்னும் என்னென்ன வரப்போகின்றன என்று சொல்லும் புத்தகம். கம்பளி ஆலை, பழங்களை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை, ரயில்வே பட்டறை, புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் பள்ளிகள், வங்கிகள், அரசாங்க அலுவலகங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே தேவைப்படும் ஆட்களின் பட்டியல். ஒரு ஊர் தனக்கு ஆள் போதவில்லை என்று அச்சடித்து உலகம் முழுக்க அனுப்பும் என்பதை அதுவரை நான் கற்பனைகூடச் செய்ததில்லை. எங்கள் ஊரில் ஒரு பியூன் வேலைக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலிலிருந்து சாலை வரை வரிசை நிற்பதைப் பார்த்துப் பழகியவன் நான்.

சர்ச் முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் புத்தகத்தை வீட்டில் உரக்கப் படித்துத் தமிழில் சொல்லுவேன். அக்காவோடு வேலை பார்த்த ஐயம்பேட்டைப் பெண்ணும் வந்து உட்காருவாள். உழவர் வீட்டுப் பெண். அக்காவைவிட ஆறேழு வயது சின்னவள். இரண்டாவது படிவம் அவளுக்குத்தான். எங்கள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, படம் மட்டும் பார்ப்பாள்.

"இன்னாடா இது, இம்மாம் அகலத் தெருவு, ஒரு மனுசன் கண்ணுல படல? ஊரக் காலி பண்ணிக்கினு பூட்டாங்களா?"

"ஆளு இல்லன்னுதாம்மா நம்மள கூப்புடறாங்க."

"இந்தப் பக்கம் பாரு, ஆடு எத்தினி கீது! மேய்க்கறதுக்கு ஆளு வோணுமான்னு ஒரு வார்த்த எழுதிக் கேளு. நானும் வரேன்."

"நீங்க வந்தா அந்த ஆட்டுக்கெல்லாம் பேரு வெச்சு, கல்யாணமும் பண்ணி வெச்சிடுவீங்கம்மா" என்றாள் ஐயம்பேட்டைப் பெண்.

மருத்துவமனைக்கு மட்டும் அதில் இரண்டு பக்கம். புதிய ஐந்து மாடிக் கட்டடம். நர்ஸுகளுக்குத் தனி விடுதி. மூன்று வருஷம் திருப்தியாக வேலை செய்தவர்கள் வார்டு இன்சார்ஜ் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். இந்த வரியை அக்கா என்னை மூன்று முறை படிக்கச் சொன்னாள். "விண்ணப்பிக்கலாம்னா? நாமளே கேக்கலாமா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்துவைத்தாள். சுருக்கெழுத்துத் தட்டச்சர்கள் தேவை என்றும் ஒரு பக்கத்தில் இருந்தது. நான் அதில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். "நான் போயி ஒரு வருசம் இருந்துட்டு உன்னக் கூப்டுக்கறேன். அதுவரிக்கும் இங்க தட்டிக்கினே இரு."

ஆவணிக் கடைசியில் இரண்டு படிவங்களையும் இன்ஸ்டிடியூட்டில் வைத்து டைப் அடித்தேன். முதலில் ஐயம்பேட்டைப் பெண்ணுடையது. பிறந்த தேதி என்ற இடத்தில் நிறுத்திக் கேட்டேன்.

"சர்டிபிகேட்டுல இன்னா கீதோ அதப் போடுங்க சார். நான் மழ பேஞ்ச அன்னிக்குப் பொறந்தேன்னு மட்டுந்தான் எங்கம்மாவுக்குத் தெரியும்."

மழையை வைத்துத் தேதி கண்டுபிடிக்க முடியாது. சான்றிதழில் இருந்ததையே அடித்தேன். அந்தப் பெண் தப்பித்தது அதனால்தான்.

அக்காவின் சான்றிதழில் 1.6.1940 என்று இருந்தது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு ஜூன் முதல் தேதிதான் பிறந்தநாள். பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் ஜூன். பெற்றவர்களுக்குத் தேதி தெரியாது. தலைமை ஆசிரியர் வகுப்புக்கு வேண்டிய வயதைக் கணக்குப்போட்டு ஒரு வருஷத்தை எழுதி, முன்னால் ஜூன் ஒன்று என்று போட்டுவிடுவார். 1950இல் அக்காவைப் பள்ளியில் சேர்த்தபோது அவளுக்கு உண்மையில் எட்டு வயது. ஞாயிறு பள்ளியிலேயே எழுதப் படிக்கக் கற்றிருந்ததால் நேராக ஐந்தாம் வகுப்பில் உட்காரவைத்தார்கள். ஐந்தாம் வகுப்புக்குப் பத்து வயது வேண்டும். எனவே 1940.

உண்மையான தேதி அம்மாவிடம் இருந்தது. அவள் அதைத் தேதியாகச் சொல்லமாட்டாள். "கருட சேவ அன்னிக்குப் புல்லுக்கட்ட வித்துட்டு வந்துக்கினு இருந்தேன். ஜனங்க நெரிசல்ல வலி எடுத்துக்கிச்சு. பட்டணத்துல குண்டு போட்டுடுவான்னு சொல்லி அங்க இருந்தவங்கல்லாம் பொட்டி படுக்கையோட நம்ம ஊருல வந்து குந்திக்கினு இருந்தாங்களே, அந்த வருசம்." இவ்வளவு போதும் எனக்கு. ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து சென்னையிலிருந்து ஜனங்கள் வெளியேறியது 1942. வைகாசிக் கருட சேவை விசாகத்தை ஒட்டி வருவது. என்னிடம் இருந்த பஞ்சாங்கங்களில் அந்த வருஷத்தது இல்லை. பேப்பர் கடை, நூலகம், வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் ஒரு பழைய ஜோசியர் வீடு என்று பதினோரு நாள் அலைந்து கண்டுபிடித்தேன். விசாகம் விழுந்த நாள் அம்மா சொன்னதோடு ஒட்டி வந்தது. அந்தத் தேதியை இங்கே எழுதப்போவதில்லை. எழுதிய இடத்தில் எல்லாம் அது அவளுக்குக் கெடுதலே செய்திருக்கிறது.

படிவத்தில் அதைத்தான் அடித்தேன். சான்றிதழின்படியும் அவளுக்கு முப்பத்துநாலுதான். வயது வரம்புக்குள் இருந்தாள். மாற்றி எழுத ஒரு தேவையும் இல்லை. ஆனால் உலகத்தின் மறுகோடிக்குப் போகிற ஒரு காகிதத்திலாவது என் அக்காவைப் பற்றிச் சரியான ஒரு தகவல் இருக்கட்டும் என்று நினைத்தேன். அதை அவளுக்குச் செய்யும் மரியாதையாகவே எண்ணினேன் என்றால் இன்று யார் நம்புவார்கள்?

டூட்டிக்குப் போகும் வழியில் மாடிப்படியேறி வந்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டாள்.

"நீ பாத்துட்டல்ல?"

"ஒரு எழுத்து தப்பு இல்லக்கா."

சான்றிதழ்களின் நகல்களை இணைத்து, இரண்டையும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ரசீதுகள் இன்னும் நோட்டில் ஒட்டியிருக்கின்றன.

டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், இரண்டு உறைகளும் ஒரே நாளில் வந்தன. ஐயம்பேட்டைப் பெண்ணை மருத்துவப் பரிசோதனைக்குப் போய் எக்ஸ்ரே அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அக்காவுக்கு வந்தது மூன்று வரிக் கடிதம். படிவத்தில் உள்ள பிறந்த தேதியும் சான்றிதழ்களில் உள்ளதும் வேறாக இருக்கின்றன, எது சரி என்று தெரிவிக்கவும். மிகவும் மரியாதையான ஆங்கிலம்.

 அக்கா கோபப்படவில்லை. வழி அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"டைப் அடிக்கறப்போ தப்பாயிடுச்சு, சர்டிபிகேட்டுதான் சரின்னு ரெண்டு வரி எழுதிப் போட்டுடு. முடிஞ்சிபூடும்."

"சரிக்கா."

"ரெண்டே வரிடா. வியாக்யானம் வேணாம்."

"சரின்னுட்டேனே."

இரண்டு வரியை அடித்தும் பார்த்தேன். தாள் மெஷினிலேயே இருந்தது. டைப் அடிக்கும்போது தப்பாகிவிட்டது. எத்தனையோ பேருக்கு, ஒரு எழுத்து தவறினால் முழுத் தாளையும் கிழித்துப்போட்டு மறுபடி அடி என்று சொல்லிக்கொடுத்தவன் நான். அதோடு, தேதி தப்பும் இல்லை. அது ஒன்றுதான் சரியான தேதி. தாளை உருவி எடுத்துவிட்டு வேறு தாள் செருகினேன். நான்கு பக்கம் வந்தது. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பிறந்த தேதி எப்படி எழுதப்படுகிறது, கருட சேவை என்றால் என்ன, விசாகம் எப்படிக் கணக்கிடப்படுகிறது, போர்க்காலத்தில் சென்னை எப்படிக் காலியானது, ஆகவே சான்றிதழில் உள்ள தேதி எவ்வாறு தவறு. விண்ணப்பித்தவளின் தம்பி என்று கீழே நானே கையெழுத்திட்டேன். படித்தவர்கள், புரிந்துகொள்வார்கள் என்று நம்பினேன். உண்மையாகச் சொன்னால், அதை யாரோ ஒருவர் படித்து வியக்கப்போகிறார் என்றுகூட நம்பினேன்.

பொங்கல் கழித்துத் தபாலில் சேர்த்துவிட்டு அக்காவிடம், "எழுதிப் போட்டுட்டேன்" என்றேன். அது பொய் அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மார்ச்சில் பதில் வந்தது. விரிவான விளக்கத்துக்கு நன்றி. சான்றிதழில் உள்ள தேதி தவறு என்று நீங்களே கூறுவதால், அதன் அடிப்படையில் வழங்கப்பட்ட நர்ஸிங் பதிவைப் பற்றி உங்கள் மாநிலப் பதிவு அமைப்பிடம் விசாரித்திருக்கிறோம். உங்கள் கடிதத்தின் நகலையும் அனுப்பியிருக்கிறோம். அவர்கள் உறுதிசெய்யும்வரை விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுகிறது. இதை அக்காவிடம் காட்டாமல் மூன்று நாள் கடத்தினேன். நான்காம் நாள் காட்டலாம் என்று இருந்தபோது, பதிவு அமைப்பு எழுதியதன் பேரில் ஆஸ்பத்திரியில் அவளுக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்துவிட்டார்கள்.

அவள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றே கேட்டாள். "இன்னாடா எழுதின?"

நகலை எடுத்துக் கொடுத்தேன். நான் எதற்கும் நகல் வைத்துக்கொள்பவன். நான்கு பக்கத்தையும் நின்றபடியே படித்தாள். முடித்துவிட்டு அழகாக மடித்து என்னிடமே கொடுத்தாள். 

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரித் தலைமை எழுத்தர் என்னையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். வயதான மனிதர், மூக்குப்பொடி போடுபவர். என் கடிதத்தின் நகல் அவர் மேசையில் விரித்துவைக்கப்பட்டிருந்தது.

"இன்னாம்மா இது, நாலு பக்கம்? கருட சேவ, பௌர்ணமி, பட்டணத்துல குண்டு... உன் தம்பி கத எழுதுறவரா?"

"டைப்பு சொல்லிக் குடுக்கறான் சார்."

"அதான் கை நிக்கல." என் பக்கம் திரும்பினார். "ஏம்பா, நான் எப்போ பொறந்தேன் தெரியுமா? ஜூன் ஒண்ணு. அந்த ரூம்புல குந்திக்கினு கீறாரே பெரிய டாக்டரு, அவரு? ஜூன் ஒண்ணு. இந்த ஆபீஸ்ல பாதிப் பேரு ஒரே நாள்ல பொறந்தவங்கதான். எவனாவது வெள்ளக்காரனுக்கு லெட்டர் போட்டானா?"

"உண்மையான தேதி என்னான்னு அவங்க கேட்டாங்க சார்."

"உண்மைய யாருப்பா கேட்டது? தேதியத்தான கேட்டாங்க."

பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்குத் தோன்றவே தோன்றாத ஒன்றைச் சொன்னார். நர்ஸிங் பயிற்சியில் சேரப் பதினேழு வயது நிறைந்திருக்கவேண்டும். 1957 ஜூனில் அக்கா சேர்ந்தபோது சான்றிதழின்படி சரியாகப் பதினேழு. என் கணக்கின்படி பதினைந்து. "நீ எழுதினது நெசம்னு வெச்சுக்கினா, இந்தம்மா சேந்ததே செல்லாது. படிச்ச படிப்பு செல்லாது. பதிமூணு வருசமா இங்க பாத்த வேலயும் செல்லாது. இந்தம்மா நர்ஸே இல்ல. புரியுதா?"

எனக்குப் புரிந்தது. தேதிகளைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதே என் தொழில் போல இருந்தவன், இந்த ஒரு கழித்தலைச் செய்து பார்க்கவில்லை.

தப்பிக்க அவரே வழி சொன்னார். அம்மா ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்கவேண்டும். அக்கா ஒரு வாக்குமூலம் கொடுக்கவேண்டும். வாக்குமூலத்தின் வாசகத்தையும் அவரே சொன்னார். மேற்படி கடிதத்தை எழுதிய என் தம்பி சில காலமாகப் புத்தி சுவாதீனம் இல்லாதவன். அவன் எழுதியது எனக்குத் தெரியாது. என் பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் உள்ளதே.

"வேற வழி இல்லம்மா. பைத்தியம்னு போட்டாத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க. மூணு காப்பி வோணும்."

அதை நான்தான் அடித்தேன். இன்ஸ்டிடியூட்டில், பத்து மணி பேட்ச் சுற்றிலும் தட்டிக்கொண்டிருக்க, கார்பன் வைத்து, ஆங்கிலத்தில், என் புத்தி சுவாதீனத்தைப் பற்றி ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். அக்கா மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கையெழுத்திடும் முன் தாளைக் கையில் வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரல் வைத்துப் படித்தாள். இந்த முறை, நீ பார்த்துவிட்டாயா என்று என்னைக் கேட்கவில்லை.

அம்மா நோட்டரி வீட்டில் சத்தம் போட்டாள். "நான் பெத்த தேதிய எனக்கே சொல்லிக் குடுக்கறீங்களா? வலி எனக்கு வந்துதா, உங்களுக்கு வந்துதா?" அக்கா அவள் காதில் ஏதோ சொன்னாள். அம்மா அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வெரல எங்க வெக்கணும்?" என்றாள்.

ஐயம்பேட்டைப் பெண் மே மாதம் இரண்டாவது வாரம் புறப்பட்டாள். மீனம்பாக்கத்துக்கு அக்காவும் போயிருந்தாள். நான் போகவில்லை. அந்தப் பெண்ணின் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொடுத்ததும், ஊறுகாய் ஜாடிக்கு மெழுகு வைத்து மூடியதும் அக்காதான் என்று அம்மா சொன்னாள்.

பதிவு அமைப்பின் கடிதம் ஜூன் மூன்றாவது வாரம் வந்தது. வாக்குமூலத்தையும் பிரமாணத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். மேற்படி நபரின் பிறந்த தேதி 1.6.1940 என உறுதிசெய்யப்படுகிறது, பதிவு செல்லும். அதே கடிதத்தின் நகல் ஆஸ்திரேலியாவுக்கும் போனது. ஆடி பிறந்ததும் அங்கிருந்து கடைசிக் கடிதம் வந்தது. விவரம் தெளிவானதில் மகிழ்ச்சி, ஆனால் உறுதிசெய்யப்பட்ட தேதியின்படி விண்ணப்பதாரருக்கு முப்பத்தைந்து வயது நிறைந்துவிட்டது, வருந்துகிறோம். உண்மையில் அன்று அவளுக்கு முப்பத்துமூன்று. அதைச் சொல்ல இனி உலகத்தில் ஒரு காகிதமும் இல்லை. இருந்த ஒன்றையும் பைத்தியக்காரன் எழுதியது என்று நானே டைப் அடித்துக் கொடுத்திருந்தேன்.

அந்த வருஷத்துக்கு என் நோட்டில் அதற்குமேல் பதிவுகள் இல்லை. வேண்டுமென்றே நிறுத்தவில்லை. எழுதக் கை போகவில்லை.

அடுத்த வருஷம் ஆஸ்பத்திரியில் இன்சார்ஜ் பதவி நான்காவது முறையாகக் காலியானது. ஊசி போட அக்காவே கற்றுக்கொடுத்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். அக்கா தலைமை எழுத்தரிடம் போய்க் கேட்டாள். பதினைந்து வருஷத்தில் அவள் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. "உன் பைலுல அந்த விசாரணக் காகிதம் கீதேம்மா. மேல இருக்கறவங்க பாத்தா கேப்பாங்களே" என்றாராம். முன்பெல்லாம் காரணம் எழுத்தில் இருக்காது. இப்போது எழுத்திலும் ஒன்று இருந்தது.

அதே மாதம் ஐயம்பேட்டைப் பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. அவளைக் குழந்தைகள் வார்டுக்கு இன்சார்ஜ் ஆக்கியிருந்தார்கள், மூன்று வருஷம் ஆவதற்கு முன்பே. ஊரைப் பற்றியும் எழுதியிருந்தாள். பழத் தொழிற்சாலையில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்களாம். கட்டிய புது வீடுகளுக்கு ஆள் வரவில்லையாம். ஆஸ்பத்திரியில் வெளிநாட்டிலிருந்து இனி யாரையும் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அக்காவுக்கு வேறு ஏதாவது வழி உண்டா என்று அவளும் விசாரித்துப் பார்த்திருக்கிறாள். இல்லை என்றே எல்லோரும் சொன்னார்களாம்.

நான் படித்து முடித்ததும் அக்கா, "நல்ல பொண்ணு" என்றாள்.

அதுவரை கேட்காததைக் கேட்டேன். "என் மேல கோவமாக்கா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீ பொய் எழுதிக் கெடுத்திருந்தா திட்டித் தீத்துட்டிருப்பேன். நெசத்த எழுதிட்டு வந்து முன்னால குந்திக்கினு கீற. உன்ன இன்னான்னு திட்றது?"

நான் அந்தக் கடிதத்தை மடித்து உறையில் போட்டேன்.

"பேப்பர எடு. அவளுக்குப் பதில் எழுதணும்."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். வாழ்த்துக்கு ஒரு வரிதான். பிறகு, இன்சார்ஜ் ஆனவள் காலையில் வந்ததும் முதலில் என்ன பார்க்கவேண்டும், டூட்டி மாறும்போது மருந்து அலமாரிச் சாவியை எப்படிக் கைமாற்றவேண்டும், அம்மை கண்ட குழந்தையின் கட்டிலை எந்தச் சுவரோரம் போடவேண்டும், புதிதாக வந்த நர்ஸ் அழுதால் எவ்வளவு நேரம் விட்டுவிட்டு அப்புறம் கூப்பிட்டுப் பேசவேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள். ஒன்றையும் யோசித்துச் சொல்லவில்லை. எல்லாம் தயாராக இருந்தது. மூன்றாவது பக்கத்தில் என் கை வலித்தது. நிறுத்தினேன்.

"இன்னும் கீதுடா" என்றாள். "எழுது. ரவுண்ட்ஸுக்கு டாக்டர் வர்றதுக்கு அரமணி முன்னாடியே சன்னலெல்லாம் தொறந்து வெச்சிடணும்."